ஐந்தாவது கலாவரை

பத்து மணித்தியாலம் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று
கருவி சொல்லிவிட்டது.
டிட்ராயிட்டுக்குப் போகவேண்டிய கார்க்கதவுப் பிடிகள்
பெட்டிக்குள் உறங்க,
வின்சரில், ஆற்றோரச் சூதாட்ட மண்டபத்தில்
இருநூற்று இருபது டொலர் கட்டிக் குந்தியிருக்கிறேன்.

எங்கள் பேச்சில் சில்லென்றால் சக்கரம்.
வெளியே என் லொறிக்குப் பதினெட்டு.
உள்ளே, என் முன்னால், பதினொன்று:
ஒவ்வொன்றும் பத்தாயிரம் என்று
பொய் சொல்லும் களிமண் வட்டங்கள்.

இருபத்தெட்டுப் பேர் மிச்சம்.
காசு இருபத்தேழு பேருக்கு.
பக்கத்து நாற்காலிப் பெடியனிடம் மூன்றே சில்லு.
சீட்டைப் பார்க்காமலே எறிந்துவிட்டு
மற்றவர் முகங்களைப் பார்த்தபடி இருக்கிறான்,
கலியாண வீட்டில்
பந்தி எப்போது எழும்பும் என்று
நாற்காலிக்குப் பின்னால் நிற்பவனைப் போல.

கையில் எட்டும் ஏழும், இரண்டும் கலாவரை.
ரீமா மேசையில் விரித்தாள்:
கலாவரை ராசா. கலாவரை மூன்று.
ஒரு டைமன் ஜாக்கி, சும்மா கூட வந்தவன்.
ஐந்தாவது கலாவரை வந்தால் பூரணம்.
வராவிட்டால் எட்டு வெறும் எட்டு.

எட்டோரே இருபதாயிரத்தை முன்னே தள்ளினார்.
நான் ஏற்றிவரும் பிடிகளை
முப்பத்தொரு வருடம் கதவில் பூட்டியவராம்.
காதுக்கருவியைக் கழற்றிச்
சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறார்.

கணக்கு எனக்கு வரும்.
டீசல், மைல், அச்சுக்கு இத்தனை எடை.
மிச்சக் கலாவரை ஒன்பது.
நான் காணாத சீட்டு நாற்பத்தேழு.
அடுத்ததில் வர ஐந்தில் ஒரு தரம், அதுவும் சற்றுக் குறைய.
இருபது போட்டால் அறுபது கிடைக்கும்:
நாலில் ஒரு தரம் என்றால் கட்டும்,
ஐந்தில் ஒரு தரம் கட்டாது.
ஆகவே, பார்ப்பம் என்று
இரண்டு சில்லைத் தட்டிவிட்டுப் பின்னால் போவது
இருக்கும் வழிகளில் ஆக மோசம்.
என் வாழ்வில் நான் அதிகம் ஓடிய வழியும் அதுதான்.

எறியலாம்.
பெடியன் விழும்வரை குந்தியிருந்தால் தொளாயிரம் டொலர்.
பின் அச்சுக்கு இரண்டு டயர்.
அதை இகழ எனக்கு வாய் வராது.

எல்லாவற்றையும் தள்ளலாம்.
அவர் வந்தால் சீட்டு இரண்டு மிச்சம்,
மூன்றுக்கு ஒரு தரம் பிழைப்பேன்.
வராவிட்டால் சீட்டே வேண்டாம்.

எட்டோரேயின் கையைப் பார்த்தேன்.
மிஞ்சியிருந்த பன்னிரண்டு சில்லையும்
உள்ளங்கையால் மூடியிருந்தார்,
மழைக்குள் தீக்குச்சியை மூடுவதுபோல.

தள்ளினேன்.

மேசைக்குக் கீழே
கிளச் மிதிக்கும் இடதுகால் தன்பாட்டில் ஆடியது.
அந்த மண்டபத்துக்கு ஜன்னல் இல்லை.
ஆற்றுக்கு அப்பால் அமெரிக்கா இருக்கிறதென்று
நம்பவேண்டியதுதான்.

எட்டோரே காதுக்கருவியை எடுத்து மாட்டினார்,
என் மூச்சைக் கேட்கவோ என்னவோ.
அடக்கினேன்.

கனநேரம் கழித்து
இரண்டு பத்துகளை முகம் தெரிய வைத்து
"எடுத்துக்கொள்" என்றார்.
அந்தக் கணத்தில் வென்றிருந்தவர் அவர்.

அடுத்த சீட்டைக் காட்டச் சொல்லிப்
பெடியன் கெஞ்சினான்.
ரீமா கட்டை வாரி இயந்திரத்துக்குள் விட்டாள்.
வந்திருக்குமா வந்திருக்காதா,
இனி அதை அறிய ஆளில்லை.
என்னிடம் இல்லாத ஒரு சீட்டால் வென்றேன்.

அடுக்கி எண்ணினேன். பதினேழு.
ஒன்று குறைய.
இப்படி ஓடினால் எல்லையில் மறித்துவிடுவார்கள்.

ஐந்து ஆட்டம் கழித்து
ராசாச் சோடியை நம்பி எல்லாம் போட்ட எட்டோரே
யாரோவின் ஆசுச் சோடியில் மோதி எழும்பினார்.
இருபத்தெட்டாவது.
மண்டபம் கைதட்டியது, தட்டினால்தான்
எங்களுக்குக் காசு என்பதுபோல.
நானும் தட்டினேன்.
அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு
கருவியை மறுபடி கழற்றிப் பைக்குள் வைத்தார்.

பத்தொன்பதாவதாக நான் விழுந்ததற்குக் கதை இல்லை.
காலை ஏழு மணிக்குக்
கதவுப் பிடிகள் பாலத்தைக் கடந்தன.